64 கேபி ரேம் டிஸ்க் ஏன் ஃபார்மேட் ஆகவில்லை: கடைமடை மதகு நீர்மட்டக் கருவி, ஒரு நிகழ்வு ஆய்வு

கருவி இருக்க வேண்டிய இடம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை வாய்க்கால் ஒன்றின் மதகு. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து, கல்லணையில் பிரித்துவிட்டாலும், இந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரப் பல நாள் ஆகும். வந்த பிறகும் முறைப்பாசனம்தான். எங்கள் முறை நாளில் மதகில் எத்தனை சென்டிமீட்டர் நின்றது என்பதே கடைமடை விவசாயி கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கருவி. ஆகவே அதன் பதிவில் ஒரு நாள் விடுபட்டாலும் அது சின்ன விஷயம் இல்லை.

உள்ளே இருப்பது எஸ்டிஎம்32 எஃப்411 மைக்ரோகன்ட்ரோலர். ரேம் 128 கேபி, ஃப்ளாஷ் 512 கேபி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து, வெளியே தனியாக இருக்கும் சீரியல் ஃப்ளாஷில் பைனரியாக எழுதிவைக்கும். நிரந்தரப் பதிவு அதுதான். வாய்க்கால் பார்க்கும் லஸ்கரோ பிரிவு அலுவலரோ லேப்டாப்போடு வந்து யுஎஸ்பி கேபிளைச் செருகும்போது, கருவி ஒரு பென்டிரைவ் போலத் தெரிய வேண்டும். அதில் நாளுக்கு ஒரு கோப்பாக, முடிந்த 14 நாளும் இன்றைய நாளும் இருக்க வேண்டும். வீட்டில் நெல் மூட்டை இருக்கும் அறை வேறு, வந்தவர் உட்காரும் திண்ணை வேறு. சீரியல் ஃப்ளாஷ் அந்த அறை என்றால், ரேம் டிஸ்க்காக ரேமில் ஒதுக்கிய 64 கேபி திண்ணை. 512 பைட் செக்டார் கணக்கில் 128 செக்டார். அதை ஃபேட்எஃப்எஸ் நூலகத்தால் ஃபார்மேட் செய்து, யுஎஸ்பி வழியாகக் காட்டுவது திட்டம்.

மேசையில் முதல் ஓட்டத்திலேயே, அந்த நூலகத்தில் ஃபார்மேட் செய்யும் செயற்கூறான எஃப்_எம்கேஎஃப்எஸ் 14 என்ற எண்ணைத் திருப்பியது.

ஒரே எண், நான்கைந்து காரணம்

14 என்பது எஃப்ஆர்_எம்கேஎஃப்எஸ்_அபார்ட்டட். ஃபார்மேட் தொடங்கும் முன்பே கைவிடப்பட்டது என்று மட்டும் அது சொல்லும், ஏன் என்று சொல்லாது. வால்யூம் (ஃபார்மேட் ஆகும் பகுதி) சிறியது, கிளஸ்டர் (கோப்புக்கு ஒதுக்கும் மிகச் சிறிய துண்டு) அளவு பொருந்தவில்லை, கொடுத்த வேலை பஃபர் போதவில்லை என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே எண். இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது ரேம் டிஸ்க்கைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான். இங்கேயும் அதுவே நடந்தது. 64 கேபி 80 ஆயிற்று, மீண்டும் 14. 96 ஆக்கியதும் ஃபார்மேட் ஆனது.

ஆனால் மற்ற நிரலுக்கு, அதாவது ஆர்டிஓஎஸ் என்ற சிறு இயங்குதளம், யுஎஸ்பி அடுக்கு, டாஸ்க் ஸ்டாக்குகள் (ஒவ்வொரு பணிக்கும் ஒதுக்கிய தற்காலிக நினைவகம்), சீரியல் ஃப்ளாஷ் பஃபர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 41 கேபி வேண்டியிருந்தது. 96-ஐயும் 41-ஐயும் கூட்டினால் 137. இருப்பதோ 128. நிரலை நினைவகத்தில் பொருத்தும் லிங்கர் ஒத்துக்கொள்ளவில்லை. பஃபர்களைச் சுருக்கி, ஸ்டாக்குகளிலும் கைவைத்து, நிரல் எழுதியவர்கள் எப்படியோ 32 கேபிக்குள் அடக்கினார்கள். கருவி ஓடியது. யுஎஸ்பி செருகும் நேரத்தில் மட்டும் அவ்வப்போது ஹார்டுஃபால்ட் (சில்லு நின்றுபோகும் பிழை) வந்து விழுந்தது. யுஎஸ்பி டாஸ்க்கின் ஸ்டாக் நிரம்பி, பக்கத்தில் இருந்த மாறிகள் மேல் வழிந்ததே காரணம்.

ஃபார்மேட் பிரச்சினை ஸ்டாக் பிரச்சினையாக உருமாறிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சந்தேகப்படக் கூடத் தோன்றாத தூரம் அது. இதில் சரியாகச் செய்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. 64 போதவில்லை என்று சொன்னது யார், எந்த வரியில், எந்த எண்ணோடு ஒப்பிட்டு என்பதை முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

63 செக்டார் எங்கே போனது

எஸ்டிஎம்32க்யூப் எஃப்4 தொகுப்போடு வரும் ஃபேட்எஃப்எஸ் ஆர்0.12சி-யை எடுத்துக்கொள்வோம். எஃப்_எம்கேஎஃப்எஸ் முதலில், டிஸ்க் விவரம் கேட்கும் செயற்கூறான டிஸ்க்_ஐஓசிடிஎல் வழியாக மொத்த செக்டார் எண்ணிக்கையைக் கேட்கிறது. பிறகு, பார்ட்டிஷன் வேண்டாம் என்று சொல்லும் எஃப்எம்_எஸ்எஃப்டி என்ற கொடி போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. போடவில்லை என்றால், இது பார்ட்டிஷன் போட வேண்டிய ஹார்டுடிஸ்க் என்று எடுத்துக்கொண்டு, வால்யூமை 63-ஆம் செக்டாரில் தொடங்குகிறது. பழைய ஹார்டுடிஸ்க் வடிவியலில் ஒரு டிராக்குக்கு 63 செக்டார். முதல் டிராக்கைப் பார்ட்டிஷன் அட்டவணைக்கு விட்டுவிட்டு அடுத்ததில் தொடங்கும் மரபு அது. அட்டவணைக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரே ஒரு செக்டார். மீதி 62 செக்டார், அதாவது 31 கேபி, சும்மா கிடக்கும். ஜிபி கணக்கில் இருக்கும் எஸ்டி கார்டில் அதை யாரும் தேட மாட்டார்கள். 64 கேபி ரேமில் அது பாதி.

இதைக் கழித்த பிறகுதான் அளவுச் சோதனை வருகிறது. மிச்சமுள்ள வால்யூம் 128 செக்டாருக்குக் குறைந்தால் 14-ஐத் திருப்பிவிட்டு வெளியேறும். கணக்கைப் போட்டால்:

64 கேபி: 128 − 63 = 65. போதாது.
80 கேபி: 160 − 63 = 97. போதாது.
96 கேபி: 192 − 63 = 129. ஒன்று கூடுதலாகத் தேறியது.

பார்ட்டிஷனோடு போனால் குறைந்தபட்சம் 191 செக்டார், 95.5 கேபி. கொடியைப் போட்டால் 128 செக்டார், சரியாக 64 கேபி. முதலில் ஒதுக்கிய 64 கேபி தவறான அளவே இல்லை. எடுத்துக்காட்டு நிரல்களில் இருந்து எஃப்எம்_ஏனி, அதாவது 7, அப்படியே நகலாகி வந்திருந்தது. அதை 9 ஆக்கியிருந்தால், அதாவது எஃப்எம்_ஃபேட் 1, எஃப்எம்_எஸ்எஃப்டி 8 இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், முதல் நாளே வேலை முடிந்திருக்கும். ஆர்0.11 போன்ற இன்னும் பழைய வெளியீடுகளில் கொடி கிடையாது, இரண்டாவது அளபுருவை (பாராமீட்டரை) 1 ஆகக் கொடுக்க வேண்டும். ஆர்0.14 முதல் இதெல்லாம் ஒரு ஸ்ட்ரக்சருக்குள் போய்விட்டது. 128 என்ற எண் எல்லா வெளியீட்டுக்கும் பொது என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் திட்டத்தில் இருக்கும் எஃப்எஃப்.சி கோப்பைத் திறந்து, எஃப்_எம்கேஎஃப்எஸ்-க்குள் வால்யூம் அளவை ஒப்பிடும் வரியைப் பார்ப்பதே சரி. ஐந்து நிமிட வேலை.

32 கேபி கொடுத்து வாங்கியது என்ன

இந்தக் கணக்கை இதோடு விட்டால் பாதிதான் தெரியும். வால்யூம் 128 செக்டார் என்றாலும் கோப்புக்குக் கிடைப்பது அவ்வளவு அல்ல. வாய்க்காலின் தலைமதகில் திறந்த தண்ணீர், வழியில் ஒவ்வொரு கிளை வாய்க்காலுக்கும் கொஞ்சம் போய், மிச்சம்தான் கடைமடைக்கு வருகிறது. செக்டார்களும் அப்படித்தான்.

பூட் செக்டாருக்கு 1. எந்தக் கிளஸ்டர் எந்தக் கோப்புக்கு என்று குறிக்கும் ஃபேட் அட்டவணைக்கு எவ்வளவு? சிறிய டிஸ்க்குகளுக்கான ஃபேட்12 வடிவத்தில் ஒரு கிளஸ்டருக்கு ஒன்றரை பைட். 128 கிளஸ்டர் என்று தாராளமாக வைத்தாலும் 195 பைட்தான், ஒரு செக்டாரில் அடங்கும். ஃபேட்எஃப்எஸ் ஒரே ஒரு பிரதியைத்தான் எழுதுகிறது, ஆகவே 1. அடுத்து, கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் ரூட் டைரக்டரி. இங்கேதான் பெரிய கசிவு. ஆர்0.12சி-யில் ரூட் டைரக்டரிக்கு 512 பதிவு என்று நிலையாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு பதிவு 32 பைட், ஆக 16 கேபி, 32 செக்டார். மூன்றும் சேர்த்து 34. மிச்சத்தில் ஒரு செக்டார் ஒரு கிளஸ்டர்.

64 கேபி, பார்ட்டிஷன் இல்லாமல்: 128 − 34 = 94 கிளஸ்டர்.
96 கேபி, பார்ட்டிஷனோடு: 129 − 34 = 95 கிளஸ்டர்.

அவ்வளவு சிரமப்பட்டு, ஸ்டாக்குகளை வெட்டி, கூடுதலாகக் கொடுத்த 32 கேபிக்குக் கிடைத்தது ஒரே ஒரு கிளஸ்டர். 512 பைட்.

கருவியின் தேவையோடு பொருத்திப் பார்ப்போம். ஒரு பதிவு வரி 32 பைட் நிலையான நீளம். நாளுக்கு 96 வரி. 96 × 32 = 3,072 பைட், துல்லியமாக 6 செக்டார். வரியின் நீளத்தை 32-இல் நிறுத்தியதற்குக் காரணமே இதுதான், எந்த வரியும் செக்டார் எல்லையில் உடையாது. முடிந்த 14 நாளும் இன்றைய நாளும் சேர்த்து 15 கோப்பு, 90 கிளஸ்டர். 94 போதும். ஆனால் 4 மட்டுமே மிச்சம். விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால், விண்டோஸ் 8-க்குப் பிந்தைய பதிப்புகள் பென்டிரைவ்களில் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்றொரு ஃபோல்டரை உருவாக்கி, உள்ளே இரண்டு குட்டிக் கோப்புகளை வைப்பதுண்டு. ஃபோல்டருக்கு ஒரு கிளஸ்டர், ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொன்று. 3 போனால் மிச்சம் 1. இப்படி விளிம்பில் நிற்கும் வடிவமைப்பைக் களத்துக்கு அனுப்பக் கூடாது.

அதனால் ரூட் டைரக்டரியைக் குறைக்க வேண்டும். 512 பதிவுக்குப் பதில் 16 வைத்தால் ஒரே செக்டார், 31 செக்டார் மிச்சம். ஆசைகாட்டும் எண் இது. இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. ஃபேட்12-இல் ரூட் டைரக்டரி வளராது, ஃபார்மேட்டில் வைத்த அளவே கடைசிவரை. 15 நாள் கோப்புக்கு 15 பதிவு. எஃப்_செட்லேபிள் வழியாக டிஸ்க்குக்குப் பெயர் வைத்தால் அதற்கும் ஒன்று. 16 நிறைந்துவிட்டது. விண்டோஸ் ஃபோல்டரின் பெயர் 25 எழுத்து, நீண்ட பெயருக்கு இரண்டு பதிவு, குறும்பெயருக்கு ஒன்று, ஆக மூன்று. அதற்கு இடமில்லை. விண்டோஸ் முதலில் வந்து அந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால், டிஸ்க்கில் நாற்பதுக்கும் மேற்பட்ட கிளஸ்டர் காலியாக இருக்கும்போதே புதிய நாளின் கோப்பைத் திறக்க முடியாமல் 7, எஃப்ஆர்_டினைட், வரும். இடம் இருக்கிறதே, ஏன் மறுக்கிறது என்று மணிக்கணக்கில் தேட வைக்கும் பிழை இது. கோப்புக்குத் தேதியெல்லாம் சேர்த்து 25 எழுத்தில் நீளமாகப் பெயர் வைத்தால் இன்னும் மோசம், ஒவ்வொன்றும் மூன்று பதிவு தின்னும், 16-இல் ஐந்து கோப்புதான் அடங்கும். பெயர் எட்டு எழுத்து, நீட்சி மூன்று எழுத்து என்ற பழைய வரம்புக்குள் நிற்பது நல்லது. மாதமும் நாளும் நான்கு இலக்கத்தில் போதும்.

32 பதிவு, இரண்டு செக்டார் என்று வைப்பதே இந்தக் கருவிக்கு ஏற்றது. 128 − 1 − 1 − 2 = 124 கிளஸ்டர், 20 நாள் பதிவு. 64 கேபிக்குள் இதற்கு மேல் கசக்க வேண்டிய அவசியமில்லை. ஆர்0.12சி-யில் எஃப்_எம்கேஎஃப்எஸ்-க்குள் இருக்கும் அந்த நிலையெண்ணை 512-இலிருந்து 32 ஆக்க வேண்டும். ஆர்0.14-க்குப் பிறகு ஸ்ட்ரக்சரில் என்_ரூட் என்ற உறுப்பிலேயே கொடுக்கலாம், நூலகத்தைத் தொட வேண்டாம். இரண்டிலும் 16-இன் மடங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்0.12சி-யில் டைரக்டரி செக்டார் எல்லையில் முடியாது, மவுண்ட் செய்யும்போது, அதாவது டிஸ்க்கைப் பயன்பாட்டுக்குத் திறக்கும்போது, ஃபேட்எஃப்எஸ்ஸே அதை நிராகரிக்கும்.

எஸ்டி கார்டு நிரலை நகலெடுத்தால்

கொடியைச் சரிசெய்த பிறகும் 14 வருவதாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பார்க்க வேண்டியது கிளஸ்டர் அளவு. எஸ்டி கார்டுக்கு எழுதிய நிரலில் 4096 என்று கொடுத்திருப்பார்கள், அப்படியே வந்திருக்கும். ஃபார்மேட்டுக்குள் இன்னொரு சோதனை இருக்கிறது: மேல்செலவு போகக் குறைந்தது 16 கிளஸ்டராவது தேற வேண்டும். 4096 என்றால் ஒரு கிளஸ்டருக்கு 8 செக்டார், 16 கிளஸ்டருக்கு 128. அதோடு 34-ஐக் கூட்டினால் 162 செக்டார், 81 கேபி. 64 கேபி டிஸ்க் இந்த இடத்தில் நிற்கும். சிறிய ரேம் டிஸ்க்குக்கு இந்த மதிப்பை 0 என்று கொடுங்கள், நூலகமே ஒரு செக்டார் கிளஸ்டரைத் தேர்ந்துகொள்ளும்.

டிஸ்க்_ஐஓசிடிஎல்-இல் கெட்_பிளாக்_சைஸ் என்ற கேள்விக்கும் பதில் 1 ஆக இருக்க வேண்டும். ஃப்ளாஷின் அழிப்பு அலகு எத்தனை செக்டார் என்று கேட்கும் கேள்வி அது. ரேமுக்கு அப்படி ஒன்று கிடையாது. சீரியல் ஃப்ளாஷ் டிரைவரிலிருந்து நகலெடுத்து 8 என்று திருப்பினால், தரவுப் பகுதி 34-க்குப் பதில் 40-ஆம் செக்டாருக்குத் தள்ளப்படும், இடைவெளியை ஃபேட் அட்டவணை விழுங்கிக்கொள்ளும். 64 என்றால் தரவு 64-இல்தான் தொடங்கும், பாதி டிஸ்க் போயிற்று. பைட் கேட்கிறது என்று நினைத்து 512 என்று எழுதினால் ஃபார்மேட்டே நடக்காது, மீண்டும் அதே 14.

செக்டார் அளவையே 4096 ஆக்கிவிட்ட திட்டங்களில் 128 செக்டார் என்ற வரம்பு 512 கேபியாக மாறிவிடும். இந்தச் சில்லின் மொத்த ரேமைப் போல நான்கு மடங்கு. மறுபக்கம், 128 பைட் செக்டார் வைத்துத் தப்பிக்கவும் முடியாது. ஃபேட்எஃப்எஸ் 512-க்குக் கீழே இறங்காது.

14 வராத பிழைதான் பெரிய பிழை

இதுவரை சொன்னவை எல்லாம் உடனே தெரியும் தவறுகள். இனி வருவது அப்படி இல்லை. கெட்_செக்டார்_கவுண்ட் கேள்விக்கு 128 என்று சொல்லாமல், வரிசையின் பைட் அளவான 65,536-ஐத் திருப்பும் நிரல்கள் உண்டு. சைஸ்ஆஃப் போட்டுவிட்டு 512-ஆல் வகுக்க மறந்த ஒரு வரி. எஃப்_எம்கேஎஃப்எஸ் அதை 65,536 செக்டார், 32 எம்பி என்று நம்பும். எந்த அளவுச் சோதனையும் தடுக்காது.

நடப்பது இது. 32 எம்பிக்கு நூலகம் 8 செக்டார் கிளஸ்டரைத் தேர்ந்தெடுக்கிறது. 8,192 கிளஸ்டர், ஆகவே ஃபேட்16. ஃபேட் அட்டவணை 33 செக்டார், ரூட் 32, பூட் 1. மொத்தம் 66. இவை எல்லாம் உண்மையான 128 செக்டாருக்குள்ளேயே விழுவதால் ஃபார்மேட் 0 என்று வெற்றியோடு திரும்பும். முதல் நாள் கோப்பு 66-ஆம் செக்டாரில் சரியாக எழுதப்படும். எட்டாம் நாள் கோப்பு 122-இலிருந்து 127 வரை, கடைசி செக்டாரை ஒட்டி, தப்பிக்கும். ஒன்பதாம் நாள் கோப்பு 130-இல் தொடங்கும். அங்கே டிஸ்க் இல்லை. ரேமில் அடுத்து இருக்கும் மாறிகள் மேல் நீர்மட்ட எண்கள் எழுதப்படும். மேசையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று மதகில் பொருத்திவிட்டு வந்த பிறகு, இரண்டாவது வாரத்தில் கருவி சாகும்.

இதற்கு இரண்டு காப்பு, இரண்டும் கட்டாயம். டிஸ்க்_ரீட், டிஸ்க்_ரைட் இரண்டிலும் தொடக்க செக்டாரும் எண்ணிக்கையும் சேர்ந்து 128-ஐத் தாண்டினால் ஆர்இஎஸ்_பேர்இஆர்ஆர் திருப்ப வேண்டும். அப்போது மேலே உள்ள தவறு ரேமைக் கெடுக்காமல் 1, எஃப்ஆர்_டிஸ்க்_எர்ரர், ஆக வெளியே தெரியும். இரண்டாவது, மதிப்பை எழுதும் வகை. செக்டார் எண்ணிக்கை 32 பிட், செக்டார் அளவு 16 பிட். எண்ணிக்கையை 16 பிட்டாக எழுதினால் மேல் பாதியில் முன்பு இருந்ததே நிற்கும்.

யுஎஸ்பி பக்கமும் ஓர் எண் தவறும் இடம். ரீட் கப்பாசிட்டி கட்டளைக்குக் கணினி எதிர்பார்ப்பது கடைசி செக்டாரின் முகவரி, அதாவது 127, எண்ணிக்கையான 128 அல்ல. டைனியுஎஸ்பி போன்ற யுஎஸ்பி அடுக்குகள் உங்களிடம் எண்ணிக்கையைக் கேட்டுத் தாங்களே ஒன்று கழித்துக்கொள்ளும். நீங்களும் ஒன்று கழித்துக் கொடுத்தால் கணினிக்குத் தெரிவது 127 செக்டார் டிஸ்க், பூட் செக்டாரோ 128 என்று சொல்லும். கடைசி கிளஸ்டருக்குக் கோப்பு போகும் வரை ஒன்றும் தெரியாது.

64 கேபிக்குக் கீழே போக வேண்டுமானால்

64 கேபி ரேம் மட்டுமே உள்ள சில்லில் இதே வேலையைச் செய்ய வேண்டியவர்களுக்கு இந்தப் பகுதி. 128 செக்டார் வரம்பு எஃப்_எம்கேஎஃப்எஸ்-இல் மட்டும்தான் இருக்கிறது. எஃப்_மவுண்ட் அதைப் பார்ப்பதில்லை. பூட் செக்டாரில் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, ஒரு கிளஸ்டராவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஆகவே ஃபார்மேட் வேலையை நாமே கையால் செய்துவிட்டால் இன்னும் சிறிய டிஸ்க் சாத்தியம். டைனியுஎஸ்பியின் எடுத்துக்காட்டு நிரலில் உள்ள டிஸ்க் 16 செக்டார், 8 கேபிதான். விண்டோஸ் மவுண்ட் செய்யும் மிகச் சிறிய அளவு அதுவே என்று அந்த நிரலின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

நம் கருவிக்கு 90 கிளஸ்டர், மேல்செலவு 4, ஆக 94. வட்டமாக 96 செக்டார், 48 கேபி. 16 கேபி மிச்சம். பூட் செக்டாரின் பைட்கள் பதின்ம எண்ணில்: 0-ஆம் இடத்தில் 235, 60, 144. 3-இலிருந்து எட்டு எழுத்து தயாரிப்பாளர் பெயர். 11-இல் 0, 2, அதாவது 512. 13-இல் 1, கிளஸ்டருக்கு ஒரு செக்டார். 14-இல் 1, 0. 16-இல் 1, ஒரே ஃபேட். 17-இல் 32, 0, ரூட் பதிவுகள். 19-இல் 96, 0, மொத்த செக்டார். 21-இல் 248. 22-இல் 1, 0, ஃபேட்டின் நீளம். 24-இலும் 26-இலும் 1, 0. 28 முதல் 35 வரை சுழியம். 36-இல் 128, 37-இல் 0, 38-இல் 41. 39-இல் நான்கு பைட் வரிசை எண், 43-இல் பதினொரு எழுத்துப் பெயர். 54-இல் 70, 65, 84, 49, 50, 32, 32, 32. கடைசியாக 510-இல் 85, 170. அடுத்த செக்டார் ஃபேட், அதன் முதல் மூன்று பைட் 248, 255, 255. மற்றதெல்லாம் சுழியம்.

54-ஆம் இடத்தில் இருக்கும் எழுத்துகளை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஆர்0.12சி அதில் முதல் மூன்று எழுத்தைப் பார்த்துத்தான் இது ஃபேட் வால்யூம் என்று ஏற்கிறது. இல்லையென்றால் 13, கோப்பமைப்பு இல்லை என்ற எண், வரும்.

இந்த 48 கேபி வடிவத்தில் தரவுக்கு 92 கிளஸ்டர், தேவை 90. விண்டோஸ் மூன்றை எடுத்தால் போதாது. ஆகவே யுஎஸ்பி பக்கத்தில் டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று அறிவித்தால்தான் இது சரிவரும். டைனியுஎஸ்பியில் டியுடி_எம்எஸ்சி_இஸ்_ரைட்டபிள்_சிபி பொய் என்று திருப்ப வேண்டும். உண்மையில் 64 கேபி வடிவத்துக்கும் இதையே செய்யுமாறு சொல்வேன். நீர்மட்டப் பதிவைக் களத்தில் யாரும் தவறுதலாகக்கூட அழிக்க முடியாமல் இருப்பது அந்த விவசாயிக்கும் அலுவலருக்கும் நல்லது.

டிஸ்க்கைக் கணினி பார்க்கவே தேவையில்லை, கருவிக்குள் மட்டும் கோப்புகள் போதும் என்றால் ஃபேட் வேண்டாம். லிட்டில்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பு 128 பைட் பிளாக் வரை இறங்கும். ரூட்டுக்கு இரண்டு பிளாக், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இரண்டு என்ற கணக்கில் சில கேபியிலேயே வேலை முடியும்.

ரீசெட்டுக்குப் பின்

64 கேபி வரிசை சாதாரண மாறியாக இருந்தால் ஒவ்வொரு ரீசெட்டிலும் தொடக்க நிரல் அதைச் சுழியமாக்கும். நிரல் உறைந்தால் சில்லை மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் ரீசெட்டில் மின்சாரம் நின்றுபோவதில்லை, ரேமில் இருப்பது அப்படியே இருக்கும். அழிப்பது நம் தொடக்க நிரல்தான். லிங்கர் கோப்பில் நோஇனிட் என்றொரு தனிப் பகுதி வைத்து வரிசையை அதில் போட்டால் திண்ணை கலையாது. தொடங்கும்போது முதலில் எஃப்_மவுண்ட், மூன்றாம் அளபுரு 1. திரும்புவது 13 என்றால் மட்டும் ஃபார்மேட். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. வடகிழக்குப் பருவத்தில் நாள் கணக்கில் வெயில் இல்லாமல் சோலார் பேட்டரி இறங்கி, மின்னழுத்தம் தொங்கி எழும் நேரத்தில், பூட் செக்டார் பிழைத்து ஃபேட் செக்டார் மட்டும் கெட்டிருக்கலாம். மவுண்ட் வெற்றி பெறும், கோப்புகள் குழம்பியிருக்கும். ஃபேட் செக்டாருக்கு ஒரு சிஆர்சி (சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு, நோஇனிட் பகுதியிலேயே பக்கத்தில் வைத்து, தொடங்கும்போது ஒப்பிட வேண்டும். பொருந்தவில்லை என்றால் ஃபார்மேட் செய்து, சீரியல் ஃப்ளாஷில் இருந்து 15 நாளையும் மீண்டும் எழுத வேண்டும்.

யுஎஸ்பி செருகியிருக்கும்போது கருவி ரேம் டிஸ்க்கில் எழுதக் கூடாது. கணினி ஃபேட்டையும் டைரக்டரியையும் தன் நினைவில் பிடித்து வைத்திருக்கும், நாம் மாற்றியது அதற்குத் தெரியாது. அளவுகளை வரிசையில் நிறுத்திவைத்துக் கேபிளை எடுத்த பிறகு எழுதினால் போதும். 15 நிமிடத்துக்கு ஒன்றுதான், கூட்டம் சேராது.

மதகுக்கு எடுத்துச் செல்லும் முன்

ஃபார்மேட் 0 என்று வந்ததும் எஃப்_கெட்ஃப்ரீ கூப்பிட்டுக் காலி கிளஸ்டரைக் காகிதக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 64 கேபி, ரூட் 32 என்றால் 124 வர வேண்டும். 94 வந்தால் ரூட் மாற்றம் நூலகத்தில் ஏறவில்லை. 120, 112 என்று குறைந்தால் கெட்_பிளாக்_சைஸைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் பைட்டும் செக்டாரும் குழம்பிவிட்டன, கருவியை உடனே நிறுத்துங்கள்.

பிறகு டிஸ்க்கை முழுக்க நிரப்புங்கள். இதில் கவனிக்க வேண்டியது, டிஸ்க் நிறைந்தால் எஃப்_ரைட் பிழை எண் எதையும் தராது. 0 என்றே திரும்பும், எழுதிய பைட் எண்ணிக்கை மட்டும் கேட்டதைவிடக் குறைந்திருக்கும். அந்த எண்ணிக்கையைப் பார்க்காத நிரலில் கடைசி நாள்களின் அளவுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். 32 பைட் வரிகளாக எழுதினால் ஒரே கோப்பில் 1,984 வரி முழுதாகப் போய், 1,985-ஆவது வரிக்கு எண்ணிக்கை 0 ஆக வர வேண்டும். வரிசைக்கு முன்னும் பின்னும் காவல் சொற்களாக, அதாவது மாறக் கூடாத தெரிந்த எண்களாக, ஒவ்வொன்று வையுங்கள்; அவை இரண்டும், நிரப்பி முடித்த பிறகும் கேபிளைப் பத்து முறை செருகி எடுத்த பிறகும், மாறாமல் இருக்க வேண்டும்.